கூட்டிப் போகும் பஸ்

இரவு ஒன்றரைக்குப் பாலத்தை மூடுகிறார்கள்.
லாரிகளுக்கே பழகிய தார்
கால்களைக் கண்டு கொஞ்சம் கூச்சப்படுகிறது.

எல்லாருக்கும் முன்னால் போலீஸ் மோட்டார்.
எல்லாருக்கும் பின்னால்
உள்விளக்கை எரியவிட்டபடி ஒரு பஸ்,
நேரத்துக்குள் வராதவர்களைக் கூட்டிப் போக.

கூட்டுவது நல்ல சொல்.
குப்பையைக் கூட்டலாம், கணக்கைக் கூட்டலாம்,
பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டி வரலாம்.
போன வருஷம் பதிமூன்றாவது கிலோமீட்டரில்
என்னைக் கூட்டினார்கள்.
இதில் எது என்று இன்னும் தெரியவில்லை.

ஜன்னலோர இருக்கை. ஏர்கோன் குளிர்.
பக்கத்தில் ஒரு சீனப் பையன்
முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.
நான் கடலைப் பார்த்தேன்.
பஸ்ஸிலிருந்து பார்த்தால்
பினாங்குப் பாலம் மிகச் சின்னது.

அதற்கு முந்திய கதை பெரிதாக ஒன்றுமில்லை.
கிளினிக்கில் சர்க்கரை பதினொன்று புள்ளி இரண்டு.
தாதி திலகேஸ்வரி, "நடங்கக்கா" என்றாள்.
நடந்தேன்.
தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு குரங்கு
என் ரொட்டிப் பையைப் பிடுங்கிய காலையில்
முதன்முதலாக ஓடினேன்.
பை கிடைக்கவில்லை.
ஓட்டம் கிடைத்தது.

பிறகு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து
பாயான் லெப்பாஸ் கம்பெனி பஸ் இறக்கிவிடும்
ஏழரை மணி வெயிலில் ஓடினேன்.
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி
ஒட்டியிருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று
இரவெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்த கண்ணுக்கு
ஒரு முழுச் சாலை
தாராளம், கிட்டத்தட்ட ஊதாரித்தனம்.

மனஉறுதி என்கிறார்கள்.
எனக்கு அப்படி ஒன்று வந்து போனதாக நினைவில்லை.
பாதி நாள் சப்பாத்து வாசலில் ஈரமாகக் கிடக்கும்.
மழை என்று ஒரு சாக்கு.
மழை விட்டால், விட்டுவிட்டதே என்று ஓர் எரிச்சல்.
ஆனால் கயிறு கட்டக் குனிய வேண்டியிருக்கிறது.
குனிந்த பிறகு
நிமிர்ந்து உள்ளே போக வெட்கமாக இருக்கிறது.
அவ்வளவுதான்.
வெட்கத்தில் ஓடியது எண்ணூறு கிலோமீட்டர்.

இந்த வருஷம் பதினெட்டைத் தொட்டாயிற்று.
பாலத்தின் இணைப்புகளில் இரும்புப் பற்கள்.
அவற்றைத் தாண்டும்போதெல்லாம்
கீழேயிருந்து கடல் உப்பாய் மூச்சு விடுகிறது.
ஜெரஜாக் தீவு இருட்டில் குப்புறப் படுத்திருக்கிறது.
முதுகில் திடீரென்று வெளிச்சம்.
இரண்டு விளக்கு.
எனக்கு முன்னால் இரண்டு நிழல்.
எங்கள் மூவரில்
நான்தான் கடைசி.

பஸ் பக்கத்தில் வந்து கதவைத் திறந்தது.
பாக் சிக் ரம்லி. அதே மீசை.
"நாயிக், காக்."
ஏறு அக்கா என்கிறார் மனுஷன்.
தமிழ்க் காதில்
ஒரு நாயும் ஒரு காக்கையும்தான் வந்து விழுந்தன.
சிரித்துவிட்டேன்.
சிரிப்பில் மூச்சு போனது, அடி பிசகியது,
தொடையில் எதுவோ சுருட்டிப் பிடித்தது.
"தாக் பாயா, பாக் சிக்."
வேண்டாம் என்பதை என் கையும் தனியாகச் சொன்னது.
கதவு மூடியது.
விளக்குகள் மெல்லப் பின்னால் போயின.

நேரம் முடிந்து ஒன்பது நிமிஷம்.
காற்றடைத்த வளைவு சரிந்துவிட்டது.
இரண்டு பையன்கள் அதன்மேல் உருண்டு
மிச்சக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.
நைலான் துணியை மிதித்து
எல்லையைக் கடந்தேன்.
பதக்கப் பெட்டி வேனில் ஏறிவிட்டிருந்தது.
"ஆண்ட்டி, மைலோ இருக்கு" என்றான் ஒருவன்.
ஐஸ் கரைந்த மைலோ.

இரண்டாவது கப்பில் பஸ் வந்து நின்றது.
எனக்குப் பிறகு.
உள்ளே ஏழெட்டுப் பேர் தூக்கத்தில்.
ரம்லி இறங்கி, ஒன்றும் ஆகாத டயரை
ஓர் உதை உதைத்துப் பார்த்தார்.
மெதுவாக ஓட்டினாரா என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இன்று இரவு ஏழுக்கு ஷிப்டு.
குதிகால் கொப்புளம்
அதுவரை உடையாமல் இருந்தால் நல்லது.
உடைந்தாலும்தான் என்ன,
மேசைக்கு அடியில்
யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்.